குடிக்காத தண்ணீர்

ரங்கநாயகி டீச்சரின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான். யார் வேண்டுமானாலும் கொண்டு வரலாம். ஆனால் கேள்வி கேட்டவர் அது முடிகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. தன் கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவருக்குப் பதில் எதற்கு என்பது டீச்சரின் கட்சி.

வகுப்பு நடந்த இடம் திருப்பூருக்கு வெளியே, தறி ஓடி நின்றுபோன ஒரு கொட்டகை. தறிகளை எப்போதோ விற்றுவிட்டார்கள். அவற்றின் கால்கள் நின்ற சின்னக் குழிகள் மட்டும் மண் தரையில் இருந்தன. டீச்சருக்கு நாற்பது வயதிருக்கும். தனியார் பள்ளியில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிற பெண்களுக்கு விடுமுறை கேட்டுப் பள்ளி வாசலில் உட்கார்ந்ததில் வேலை போனது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. சிறைக்குப் போனதையும் அடி வாங்கியதையும் பேசியே பிழைக்கிறவர்கள் ஊரில் வேறு நிறைய இருந்தார்கள்.

அவரிடம் வந்தவர்களில் வயதில் மூத்தவர் சபாபதி. ஐம்பதைத் தாண்டியவர். பெரிய பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் நலத்துறை மேலாளர். தொழிலாளியின் நலம் அந்தக் கம்பெனியில் ஒரு துறை. துறைக்கு ஓர் அறை. அறைக்கு ஓர் ஏசி. கொட்டகைக்கு யார் யார் போகிறார்கள் என்று பார்த்து வரச் சொல்லித்தான் கம்பெனி அவரை முதல் தடவை அங்கே அனுப்பியது. வெளியே நின்று பார்த்தார். அடுத்த வாரம் உள்ளே வந்து உட்கார்ந்தார். யார் பெயரையும் போய்ச் சொல்லவில்லை. உட்கார்ந்தவரை டீச்சரும் எழுப்பி அனுப்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேள்வி சபாபதியுடையது.

“ஒருத்தரோட பழக்கத்தை எப்படிங்க டீச்சர் மாத்தறது?”

“யாரோட பழக்கம்?”

“எங்க லைன்ல ஒரு பொம்பளை. கலாமணின்னு பேரு. ஓவர்லாக் மிஷின்ல தைக்கறா. என்ன செஞ்சாலும் தண்ணி குடிக்க மாட்டேங்கறா.”

கொட்டகை சிரித்தது. சாயப்பட்டறையில் வேலை செய்கிற ராசப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

“மூக்கைப் புடிச்சு ஊத்துங்க சார். எங்கம்மா எனக்கு வெளக்கெண்ணெயை அப்படித்தான் ஊத்துச்சு.”

“குடிச்சியா?” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

“எங்க? பாதி அவ சீலையில.”

டீச்சர் கையைக் காட்டினார். சிரிப்பு அடங்கியது.

“முழுசாச் சொல்லுங்க சபாபதி.”

சபாபதி சொன்னார். தையல் லைனில் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. கோடையில் மிஷின் மேலேயே மயங்கி விழுகிறார்கள். நீர்க்கடுப்பு இல்லாத பெண்ணே லைனில் கிடையாது. ஒருத்திக்குச் சிறுநீரகம் வீங்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சேதி எப்படியோ கடல் தாண்டிப் போய், துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் என்ன ஏது என்று கேட்டார்கள். தொழிலாளி மயங்கி விழுந்தபோது அசையாத கம்பெனி, வாங்குகிறவன் புருவத்தைத் தூக்கியதும் அசைந்தது. சபாபதியைப் பெங்களூருக்கு அனுப்பி, பெரிய ஓட்டல் ஒன்றில் நடத்தை அறிவியல் படிக்க வைத்தது.

“அதட்டினா மனுசன் மாற மாட்டான் டீச்சர். புத்தி சொன்னாலும் மாற மாட்டான். அவன் கண்ணுக்கு முன்னால இருக்கிறதை மாத்தோணும். நல்லதைச் சுலபமாக்கோணும். பக்கத்துல இருக்கறவ செஞ்சா இவளும் செய்வா. செஞ்சவளை நாலு பேரு முன்னால பாராட்டோணும். அவ்வளவுதானுங்க அந்த சயின்ஸ்.”

சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் இளமையாகிவிட்டது. படித்துவிட்டு வந்து சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் பெயர் எழுதிய பாட்டில் வாங்கினார். கண்ணாடி மாதிரித் தெளிவான பாட்டில். உடம்பில் கோடுகள். முதல் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் ‘சபாஷ்’, அடுத்த கோட்டில் ‘அசத்தல்’, அடியில் ‘நீதான் ராணி’. குடிக்க எழுந்து போக வேண்டாம்; காலையில் நிரப்பி மிஷின் பக்கத்திலேயே வைத்துவிடுவார்கள், நல்ல சுத்திகரித்த தண்ணீர். சாயங்காலம் பாட்டிலைப் பார்த்துப் போர்டில் அவரவர் பெயருக்கு எதிரே ஸ்டிக்கர் பொட்டு. குடித்தவளுக்குப் பச்சை, குடிக்காதவளுக்குச் சிவப்பு.

“பலிச்சுதுங்களா?”

“பலிச்சுதுங்களே! போர்டு பூராவும் பச்சை. மத்த யூனிட்டுக்கும் கொண்டு போகச் சொல்லி முதலாளி உத்தரவு போட்டுட்டாரு. இவ ஒருத்திதான் செகப்பு. தினமும் செகப்பு. ஒரு மடக்குக் கூட இறங்கறதில்லை.”

“சரி.”

“வர்ற புதன்கிழமை வெளிநாட்டுக்காரங்க போர்டைப் பாக்க வர்றாங்க. அவளை வேலையை விட்டு எடுத்துட்டா போர்டு சுத்தமாயிரும்னு புரொடக்‌ஷன் மேனேஜர் ஆர்டர் அடிச்சு வச்சுட்டாரு. ஒத்துழைக்க மறுத்தாள்னு. என் கையெழுத்துதான் பாக்கி. செவ்வாய்க்கிழமை காலையில வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்.” அவர் குரல் இறங்கியது. “புருசன் இல்லாதவ. ரெண்டு பொம்பளைக் குழந்தைங்க. நல்லது செய்யணும்னுதான் இதை ஆரம்பிச்சேன் டீச்சர். நான் செஞ்ச நல்லதுல ஒருத்தி வேலை போச்சுன்னா எப்படி? அவளை மட்டும் எப்படியாவது குடிக்க வைக்கோணும். ஒரு வழி சொல்லுங்க.”

“லைன்ல வெளிய போகோணும்னா எப்படிப் போவாங்க?”

“வெளியன்னா?”

பெண்கள் பக்கம் மறுபடியும் சிரிப்பு.

“ஓ, அதுங்களா. டோக்கன் இருக்குதுங்க. லைனுக்கு ஒரு கட்டை, சூப்பர்வைசர் மேசையில தொங்கும். அதை எடுத்துட்டுப் போயிட்டு வந்து மாட்டிரோணும். ஒருத்தி வந்தப்புறம் இன்னொருத்தி. அது எல்லாக் கம்பெனியிலயும் இருக்கறதுதானுங்க டீச்சர். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.”

டீச்சர் எழுந்து மூலையிலிருந்த பானையில் ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்தார். சபாபதி முன்னால் வைத்தார்.

“குடிங்க.”

குடித்தார். வெயில் நேரம்; இதமாகவே இருந்தது.

“சபாஷ்,” என்றார் டீச்சர். “எல்லாரும் கை தட்டுங்க.”

தட்டினார்கள். சபாபதி வெட்கப்பட்டுச் சிரித்தார்.

“அந்தப் படிப்பைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்க. எங்களுக்கெல்லாம் புதுசு.”

தனக்குத் தெரிந்ததைக் கேட்கிறவர்கள் கிடைத்தால் நலத்துறை மேலாளர் நிறுத்துவாரா? மாடிப்படியில் காலடி வரைந்தால் ஜனங்கள் லிப்டை விட்டுப் படியேறுவதைச் சொன்னார். சுவரில் இரண்டு கண்ணை வரைந்து வைத்தால் களவு குறைவதைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் சொம்பு மறுபடியும் நிறைந்து முன்னால் இருந்தது.

“குடிங்க.”

“இப்பத்தானுங்களே டீச்சர்…”

“சுலபமாப் பக்கத்துலயே வச்சிருக்கேனே.”

குடித்தார். கடைசி மடக்கு தொண்டையில் நின்று போயிற்று.

“அசத்தல்,” என்றார் டீச்சர். கை தட்டல் இந்தத் தடவை இன்னும் பலமாக விழுந்தது. ராசப்பன் விசில் அடித்தான்.

டீச்சர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எல்லாமே நல்ல கேள்விகள், மரியாதையாகக் கேட்டவை. சபாபதி பதில் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய பதில்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. சம்மணத்தை மாற்றிப் போட்டார். மறுபடியும் மாற்றிப் போட்டார். நெற்றியில் வேர்வை கட்டியது. மூன்றாவது சொம்பு வந்து உட்கார்ந்தது.

“டீச்சர், ஒரு நிமிசம். வெளிய போயிட்டு…”

“கேள்வி உங்களோடதுங்க. நடுவுல எந்திரிச்சா எப்படி?”

“இல்லைங்க, வந்து…”

“சொல்லுங்க, என்ன அவசரம்?”

இத்தனை பெண்கள் நடுவில் என்ன அவசரம் என்று அவர் எப்படிச் சொல்வார்? “ஒண்ணுமில்லைங்க,” என்றார்.

“அப்போ குடிங்க. எல்லாரும் உங்களையேதான் பாத்துட்டு இருக்கறாங்க.”

எல்லாரும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையோ எழுத ஆரம்பித்தார். அடுத்து நடந்தது சபாபதி யோசித்துச் செய்ததல்ல. அவர் கை தானாகச் சொம்பை எடுத்தது. பின்னால் கொண்டு போயிற்று. தறிக்கால் நின்ற குழிக்குள் சத்தமில்லாமல் கவிழ்த்தது. குழி நிறைந்து வழிந்து ராசப்பன் வேட்டிக்கு வந்தது. ராசப்பன் வேட்டியைப் பார்த்தான், சபாபதியைப் பார்த்தான், ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தான்.

டீச்சர் திரும்பினார்.

“குடிச்சாச்சுங்களா?”

“குடிச்சாச்சுங்க டீச்சர்.”

“மூணாவது நல்லா இருந்துச்சுங்களா?”

“நல்லா இருந்துச்சுங்க.”

“அப்போ வகுப்பு முடிஞ்சுது. போகலாம்.”

கொட்டகைக்குப் பின்னால் சபாபதி ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். அவர் திரும்பி வந்தபோது கொட்டகை காலி. டீச்சர் உட்காரப் போட்டிருந்த சாக்குகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், என் கேள்விக்குப் பதில் சொல்லலீங்களே?”

“சொல்லலீங்களா?” என்றார் டீச்சர், சாக்கை உதறியபடியே.

வண்டியில் வீட்டுக்குப் போகும்போது சபாபதிக்குக் கோபமாக இருந்தது. தன்னை விடச் சின்னவள், இத்தனை பேர் முன்னால் இப்படிச் செய்யலாமா? பாதி தூரம் கோபத்திலேயே போனார். அதற்கு மேல் வேறொன்று உறுத்தத் தொடங்கியது. ‘நல்லா இருந்துச்சுங்க’ என்று எத்தனை சரளமாக வந்தது அந்தப் பொய். குடித்தீர்களா என்று கேட்டதற்கு ஆமாம் என்றால் போதும். நல்லா இருந்துச்சு என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறோமே. ரயில்வே கேட் அடைத்திருந்தது. வண்டியை அணைத்துவிட்டு நின்றார். கேட் திறந்த பிறகும் பின்னாலிருந்தவன் ஹாரன் அடிக்கும் வரைக்கும் நின்றார்.

திங்கட்கிழமை மத்தியானம் லைனுக்குப் போனார். வழக்கமாகச் சாயங்காலம் போர்டு பார்க்க மட்டும் போகிறவர்.

ஜன்னல் ஓரமாக வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டிகள். பசுமைத் தொழிற்சாலை என்று சான்று வாங்குவதற்காகக் கம்பெனி வைத்தவை. முன்பெல்லாம் வாடிக் கிடக்கும். இப்போது சிலது தளதளவென்று நின்றன. சிலது அடித்தண்டு அழுகிச் சாய்ந்திருந்தன. சபாபதி ஒரு தொட்டிக்குள் விரலை விட்டார். விரல் முட்டி வரைக்கும் சேறு. அடுத்த தொட்டியிலும் சேறு. அதற்கடுத்ததில் விரலை விட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது லைனில் மிஷின் சத்தம் குறைந்திருப்பது தெரிந்தது. பெண்கள் எல்லாரும் குனிந்திருந்தார்கள். யாரும் தைக்கவில்லை.

ஜன்னல் பக்கத்து மிஷினில் இருந்தவள் சித்ராமணி. வாயாடி.

“செடிக்கு வெயில் தாங்கலீங்க சார். ரொம்பத் தாகம்.”

“எத்தனை பேரு பாட்டிலு இதுல?”

“இதுலங்களா? இது எங்க வரிசைச் செடி. அவங்க வரிசைக்கு அந்தப் பக்கம் தனி.”

லைன் முழுக்கச் சிரித்தது. மறுபடியும் மிஷின்கள் ஓட ஆரம்பித்தன. ஓர் அறிவியலின் வெற்றி முழுவதும் தொட்டிகளில் நின்று அழுகிக்கொண்டிருந்தது.

கலாமணியின் மிஷின் நடு வரிசையில். பாட்டில் பக்கத்தில், கழுத்து வரைக்கும் தண்ணீரோடு நின்றது. சபாபதி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் தைப்பதை நிறுத்தவில்லை.

“ஆர்டர் அடிச்சிட்டாங்களாமேங்க சார்?”

“யாரு சொன்னா?”

“லைன்ல எல்லாருக்கும் தெரியுமுங்க.”

“ஏம்மா, மத்தவங்க மாதிரி நீயும் ஊத்தித் தொலைச்சிருக்கலாமில்ல? இந்த வம்பே இல்லையே.”

“ஊத்த மனசு வரலீங்க. நல்ல தண்ணி.” ஒரு பீஸை முடித்துத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தாள். “எங்க வீதியில வர்ற தண்ணியை நீங்க பாத்ததில்லைங்க சார். போர்வெல்ல இருந்து சாயமாத்தான் வருது. சின்னவளுக்கு அதைக் குடிச்சா வயித்துல நிக்கறதில்லை. இதை அப்படியே கொண்டு போயிருவேன். ராத்திரிக்கும் காலைக்கும் ரெண்டு பேருத்துக்கும் ஆகும்.”

“நீ கொஞ்சம் குடிச்சுட்டு மீதியைக் கொண்டு போகலாமில்ல?”

“குடிச்சா போகோணுமில்லீங்க சார்.”

சூப்பர்வைசர் மேசையில் டோக்கன் தொங்கவில்லை. யாரோ கொண்டு போயிருந்தார்கள். அது வருகிற வழியையே நான்கைந்து பேர் பார்த்துக்கொண்டு தைத்தார்கள்.

“தினமும் உன் பேருக்கு நேரா செகப்பு. அத்தனை பேரும் பாக்கறாங்க. உனக்குக் கூச்சமாவே இல்லையா?”

கலாமணி அப்போதுதான் மிஷினிலிருந்து காலை எடுத்தாள். போர்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவரு போனதுக்கப்புறம் எனக்குச் செகப்புப் பொட்டு வச்சது நீங்கதானுங்க சார். இருந்துட்டுப் போகட்டும்.”

மறுபடியும் மிஷினை ஓட்டினாள்.

சபாபதி நேராகப் புரொடக்‌ஷன் மேனேஜர் அறைக்குப் போனார். ஜெகநாதன் அவரை விட வயதில் இளையவர். வேகமானவர். உட்கார்ந்து பேசுவது நேர விரயம் என்று நினைப்பவர். அதனால் அவர் அறையில் எதிரே நாற்காலி கிடையாது.

சபாபதிக்கு நெஞ்சில் ஒரு துள்ளல் இருந்தது. உண்மை கையில் கிடைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைக்கிற வயதெல்லாம் அவருக்கு எப்போதோ போயிருக்க வேண்டும். போகவில்லை.

“போர்டு பூராவும் பொய் சார். ஒருத்திகூடக் குடிக்கறதில்லை. எல்லாம் செடிக்குப் போகுது. ஊத்தாம இருக்கறது கலாமணி ஒருத்திதான். அவளுக்குப் போய்த் தண்டனை கொடுக்கறமே.”

“அவ என்ன பண்றா?”

“வீட்டுக்குக் கொண்டு போறா. குழந்தைங்களுக்கு.”

“எதை?”

“தண்ணியை.”

“கம்பெனித் தண்ணியை.”

ஜெகநாதன் கேள்வியாகக் கேட்கவில்லை. சபாபதிக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னதைத் திருப்பி வாங்க முடியாது.

“நல்ல வேளை சொன்னீங்க சார். ஒத்துழையாமைன்னு எழுதினா நாளைக்கு எவனாவது கேள்வி கேப்பான். அதைக் கிழிச்சுட்டுக் கம்பெனிப் பொருளை வெளிய கொண்டு போனாள்னு அடிச்சுக்கறேன். இது கெட்டியா நிக்கும்.”

“தண்ணிங்க ஜெகநாதன்!”

“இன்னைக்குத் தண்ணி. நாளைக்குத் துணி.”

“அந்த டோக்கனை எடுத்துருங்க. பாட்டிலு வேண்டாம், போர்டு வேண்டாம், ஒண்ணுமே வேண்டாம். அவங்களாவே குடிப்பாங்க.”

“குடிப்பாங்க. குடிச்சுட்டு நடந்துட்டே இருப்பாங்க. லைன் நின்னா நீங்க வந்து தைப்பீங்களா?” அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். “நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட்டுருங்க சார். பெரியவர் நீங்க. உங்களுக்கு நான் சொல்லோணுமா?”

முதலாளி அறையில் நாற்காலி இருந்தது. காப்பியும் வந்தது. சபாபதி சொன்னது எல்லாவற்றையும் முதலாளி பொறுமையாகக் கேட்டார். இடையிடையே சிரித்தார். செடி விஷயத்தில் வாய்விட்டே சிரித்தார்.

“இது உங்க திட்டம் சபாபதி. நீங்களே குறை சொல்றீங்களே. ஏற்றுமதியாளர் கூட்டத்துல உங்க பேரைச் சொல்லிப் பேசியிருக்கேன் நான். அத்தனை பேரும் எந்திரிச்சுக் கை தட்டினாங்க.”

“ஆனா தண்ணி அவங்க உடம்புக்குப் போகலீங்களே.”

“போர்டு பச்சையா இருக்குதில்ல?”

“இருக்குதுங்க.”

“அப்புறம் அதைப் பொம்பளைங்க குடிச்சா என்ன, செடி குடிச்சா என்ன? காப்பி ஆறுது, எடுத்துக்கோங்க.”

சபாபதி காப்பியைத் தொடவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. பொழுது சாய்கிற நேரத்துக்கு டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார். டீச்சர் கட்டிலில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“வாங்க. உக்காருங்க.”

சபாபதி உட்காரவில்லை.

“நேத்து அந்த மூணாவது சொம்பை நான் குடிக்கலீங்க டீச்சர்.”

“தெரியும். ராசப்பன் வேட்டியைப் பிழிஞ்சுட்டுப் போனான்.”

“எங்க லைன்ல யாருமே குடிக்கறதில்லீங்க.”

“ம்.”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தொட்டிச் சேற்றைச் சொன்னார். கலாமணி சொன்னதைச் சொன்னார். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தானே அவள் தலையில் திருட்டுப் பட்டத்தைத் தூக்கி வைத்துவிட்டு வந்ததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. டீச்சர் கீரை உருவிய கை நிற்கவில்லை.

“அவளை மாத்த வேண்டியதில்லீங்க டீச்சர். புரிஞ்சுருச்சு. முதலாளியைத்தான் மாத்தோணும். அவரோட பழக்கத்தை எப்படி மாத்தறது, அதைச் சொல்லுங்க. காலையில வரைக்கும்தான் டைம்.”

“உங்க படிப்புல ஒண்ணும் இல்லீங்களா?”

“எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டனுங்க. லாபம்னு சொல்லாம நட்டம்னு சொன்னா மனுசன் பயப்படுவான்னு இருக்குது. சொன்னேன். பயப்படலை. பக்கத்துக் கம்பெனியில டோக்கனை எடுத்துட்டாங்கன்னு ஒரு பொய்யும் சொல்லிப் பாத்தேன். அடுத்தவன் செஞ்சா இவனும் செய்வான்னு இருக்குதில்லீங்களா. அவன் முட்டாள்னு சொல்லிச் சிரிக்கறாரு. ஒண்ணுகூட அவருகிட்டப் பலிக்கலை.”

“பெங்களூருல அந்தப் படிப்புக்கு உங்களை அனுப்பினது யாருங்க?”

“கம்பெனிதானுங்க.”

டீச்சர் அடுத்த கொத்தை எடுத்தார்.

தெருவில் கம்பெனி வேன் ஒன்று பெண்களை இறக்கிவிட்டுப் போயிற்று. இறங்கியவர்கள் அவசரமாக வீடுகளுக்குள் போனார்கள். சபாபதி அவர்கள் போகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் அத்தனை வேகம் என்று இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குத் தெரிந்தது.

“நான் கையெழுத்துப் போடலைன்னா என்னைத் தூக்கிருவாங்க டீச்சர்.”

“தூக்குவாங்க.”

“என் நாற்காலியில இன்னொருத்தனை உக்கார வச்சுப் போட வைப்பாங்க.”

“வைப்பாங்க.”

“அவனும் மாட்டேன்னா அதுக்கடுத்தவன்.”

“ஆமாங்க.”

“அப்போ நான் ஒருத்தன் மாட்டேன்னு சொல்லி என்ன ஆகப் போகுதுங்க? கலாமணிக்கு வேலை நிக்குமா?”

“அது எனக்குத் தெரியாதுங்க.”

“பின்ன என்னதான் சொல்றீங்க? நான் கேட்ட கேள்விக்கு இன்னைக்கும் பதில் இல்லையா?”

டீச்சர் முறத்தைக் கீழே வைத்தார். அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“பேப்பரை நீட்டினா எதிர்ல இருக்கறவன் கையெழுத்துப் போட்டுருவான்னு நம்பியே இருக்கறது. உங்க முதலாளியோட பழக்கம் அதுதானுங்க.”